மசாரிக்: நாடு கேட்டார், கிடைத்தது... பிறகு மற்றவர்களும் கேட்டார்கள்

பாட்டா காலணி. உங்களில் பலர் அதைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போயிருப்பீர்கள். அது நம்மூர் நிறுவனம் என்று நினைத்திருந்தவர்களும் உண்டு. உண்மையில் அது 1894ஆம் ஆண்டு ஸ்லின் என்ற ஊரில் தொடங்கப்பட்டது. அந்த ஊர் இப்போது செக் குடியரசில் இருக்கிறது.

அதென்ன, 'இப்போது'? காரணம் இருக்கு. பாட்டா தொடங்கிய காலத்தில் ஸ்லின் இருந்தது ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில். பிறகு அது செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போனது. அடுத்து ஹிட்லரின் ஆக்கிரமிப்பு. பிறகு மீண்டும் செக்கோஸ்லோவாக்கியா. 1993 முதல் செக் குடியரசு. ஊர் அதே இடத்தில்தான் இருக்கிறது. நாடுதான் மாறிக்கொண்டே வந்தது.

இதில் செக்கோஸ்லோவாக்கியா என்ற நாட்டை இன்றைய உலக வரைபடத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காது. அந்த நாட்டை உருவாக்கியவரின் கதைதான் இது. பெயர் டோமாஷ் மசாரிக். படைத்தளபதி அல்லர், அரச குடும்பத்தவரும் அல்லர். பேராசிரியர்.

சரி, அவரைப் பற்றி இப்போ ஏன் பேசணும்?

உக்ரேன், கொசோவோ, கட்டலோனியா, ஸ்காட்லந்து... ஐரோப்பாவிலிருந்து வரும் செய்திகளில் இந்தப் பெயர்களை அடிக்கடி பார்க்கிறீர்கள். அவற்றோடு சேர்ந்து வரும் சொல் சுயநிர்ணய உரிமை. ஒரு மக்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே முடிவு செய்துகொள்ளும் உரிமை என்று பொருள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரு மக்கள் என்றால் யார்? அதை யார் முடிவு செய்வது? அவர்களுக்கு நடுவே வாழும் இன்னொரு மக்களும் அதே உரிமையைக் கேட்டால்?

இந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் பார்க்கலாம்.

வண்டிக்காரரின் மகன்

மசாரிக் 1850ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் தேதி மொராவியா வட்டாரத்தின் ஹொடோனின் ஊரில் பிறந்தார். அப்பா ஸ்லோவாக்கியர். பேரரசருக்குச் சொந்தமான பண்ணைகளில் குதிரைவண்டி ஓட்டியவர். அம்மா சமையல் வேலை செய்தவர், ஜெர்மன் மொழிச் சூழலில் வளர்ந்தவர். ஊரில் புழங்கியது செக் மொழியின் வட்டார வழக்கு. வீட்டில் ஒரு மொழி, வெளியே இன்னொரு மொழி என்பது உங்களுக்கும் பழக்கமான விஷயம்தானே? மசாரிக்கும் அப்படித்தான் வளர்ந்தார்.

ஆனால் அங்கே மொழிக்கு வேறொரு வேலையும் இருந்தது. நீங்கள் எவ்வளவு தூரம் முன்னேறலாம் என்பதை அது முடிவு செய்தது. அரசாங்க அலுவலகம், ராணுவம், பல்கலைக்கழகம் எல்லாமே பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் நடந்தன. ஜெர்மன் தெரியாத பையனுக்குப் பண்ணை வேலை காத்திருந்தது.

சுமார் 14 வயதில் பூட்டுத் தொழில் கற்றுக்கொள்ள மசாரிக்கை வியன்னாவுக்கு அனுப்பினார்கள். பிடிக்கவில்லை, சில வாரங்களில் ஊருக்கு ஓடிவந்துவிட்டார். அடுத்து ஒரு கொல்லரிடம் வேலை. அதன் பிறகுதான் மீண்டும் படிப்பு. பிர்னோ நகரில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது, அந்நகரக் காவல்துறைத் தலைவரின் மகனுக்குத் துணைப்பாடம் சொல்லிக்கொடுத்துச் செலவுக்குச் சம்பாதித்தார். அந்தக் குடும்பம் வியன்னாவுக்கு மாறியபோது இவரும் அங்கே போய்ப் படிப்பைத் தொடர்ந்தார்.

1876இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முனைவர் பட்டம். பிறகு ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் மேற்படிப்பு. அங்கேதான் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஷார்லட் கரீக்கைச் சந்தித்தார். 1878இல் நியூயார்க்கின் புருக்ளினில் திருமணம். மனைவியின் குடும்பப் பெயரைத் தம் பெயருக்கு நடுவில் சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் டோமாஷ் கரீக் மசாரிக். இன்றும் எத்தனை ஆண்கள் அப்படிச் செய்வார்கள், சொல்லுங்க?

1882இல் பிராக் பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ஜெர்மன் மொழிக்கு, மற்றொன்று செக் மொழிக்கு. செக் மொழிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக மசாரிக் பிராக் வந்து சேர்ந்தார்.

சொந்த மக்களிடமே திட்டு வாங்கியவர்

இனத்துக்காகப் பாடுபட்ட தலைவர் என்றதும், தம் இனத்தைப் புகழ்ந்து பேசிப் பேர் வாங்கியவர் என்று நினைப்பீர்கள். மசாரிக்கின் கதை அப்படித் தொடங்கவில்லை.

செக் மக்களிடம் அப்போது இரண்டு பழைய கையெழுத்துப் பிரதிகள் இருந்தன. 1817இலும் அதற்கடுத்த ஆண்டிலும் கண்டெடுக்கப்பட்டவை என்று சொல்லப்பட்டது. பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய செக் கவிதைகள் அவற்றில் இருந்தன. ஜெர்மானியர்களைப் போலவே நமக்கும் பழம்பெரும் இலக்கியம் உண்டு என்று மக்கள் பெருமைப்பட்டார்கள். ஓவியர்கள் அந்தக் கதைகளை வரைந்தார்கள்.

1886இல் மொழியியல் அறிஞர் யான் கெபாவர் அவற்றைச் சந்தேகித்து எழுதினார். அதை வெளியிட்டு, அவருக்குத் துணை நின்றது மசாரிக் நடத்திய இதழ். மொழி, வரலாறு, சமூகம் என்று பல கோணங்களிலும் ஆராய்ந்தார்கள். முடிவு: கவிதைகள் பழையவை அல்ல, பிற்காலத்தில் யாரோ எழுதிச் சேர்த்தவை.

நாட்டில் கொந்தளிப்பு. பத்திரிகைகள் மசாரிக்கைத் துரோகி என்றன. அவரோ அசையவில்லை. பொய்யான பெருமையின்மேல் எழுந்து நிற்கும் இனம் எப்போது வேண்டுமானாலும் விழுந்துவிடும் என்பது அவரது வாதம்.

1899இல் இன்னொரு சோதனை. போல்னா என்ற சிற்றூரில் இளம்பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார். லெயோபோல்ட் ஹில்ஸ்னர் என்ற யூத இளைஞர்மீது பழி விழுந்தது. யூதர்கள் சடங்குக்காகக் கிறிஸ்துவர்களைக் கொல்வார்கள் என்ற பழைய மூடநம்பிக்கை ஊரெங்கும் பரவியது. சரியான சான்று இல்லாமலேயே ஹில்ஸ்னருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

மசாரிக் வழக்கை ஆராய்ந்து எழுதினார். அந்த மூடநம்பிக்கையை அடித்து நொறுக்கினார். பலன்? அவருடைய மாணவர்களே வகுப்பில் கூச்சலிட்டார்கள். பாடங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. நாட்டைவிட்டே போய்விடலாமா என்று யோசிக்கும் நிலை. ஹில்ஸ்னரின் தண்டனை பிறகு ஆயுள் சிறையாகக் குறைந்தது. 1918இல் மன்னிப்பு பெற்று அவர் வெளியே வந்தார்.

இந்த இரண்டு சம்பவங்களையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

முதலில் அவர் தனிநாடு கேட்கவில்லை

வியன்னா நாடாளுமன்றத்தில் மசாரிக் 1891 முதல் 1893 வரையிலும், பிறகு 1907 முதலும் உறுப்பினர். 1909இல் குரோஷியாவின் ஸாக்ரெப் நகரில் 53 செர்பியர்கள்மீது தேசத்துரோக வழக்கு நடந்தது. அந்த வழக்கும் அதையொட்டி எழுந்த குற்றச்சாட்டுகளும் பொய்யான சான்றுகளை நம்பியிருந்ததை அவர் அம்பலப்படுத்தினார். சில ஆவணங்கள் பெல்கிரேடில் இருந்த ஆஸ்திரியத் தூதரகத்தின் தொடர்போடு தயாரிக்கப்பட்டவை என்பதை நாடாளுமன்றத்திலேயே எடுத்துவைத்தார். ஒரு பேரரசின் வெளியுறவுக் கொள்கை போலி ஆவணங்களை நம்பி ஓடுகிறது என்பது ஐரோப்பா முழுவதும் தெரிந்துபோனது.

இவ்வளவு மோதியும் அவர் அப்போது தனிநாடு கேட்கவில்லை என்பது ஆச்சரியமாக இருக்கலாம். பேரரசைச் சீர்திருத்த வேண்டும், அதில் வாழும் எல்லா இனங்களுக்கும் சம உரிமை வேண்டும். அதுதான் அவரது கோரிக்கை.

ஏன் அப்படி? வரைபடத்தைப் பாருங்க. ஒரு பக்கம் ஜெர்மனி, இன்னொரு பக்கம் ரஷ்யா. நடுவில் செக், ஸ்லோவாக், போலிஷ், ஹங்கேரிய, ஸ்லோவேனிய மக்கள். சிறிய இனம் தனியாக நின்றால் பெரிய அண்டை நாடு விழுங்கிவிடும். பலர் சேர்ந்து ஒரு கூரையின்கீழ் இருப்பது பாதுகாப்பு. ஆனால் அந்தக் கூரை எல்லாருக்கும் நியாயமாக இருக்கணும்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. பேரரசு ஜெர்மனியோடு சேர்ந்துகொண்டது. செக் இளைஞர்கள் தங்களுக்குச் சம்பந்தமில்லாத போரில் சாக அனுப்பப்பட்டார்கள். இந்தக் கூரை இனித் திருந்தாது என்ற முடிவுக்கு மசாரிக் வந்தார்.

64 வயதில் புறப்பட்டவர்

1914 டிசம்பரில் மகள் ஓல்காவோடு இத்தாலிக்குச் சென்றார். திரும்பி வந்தால் கைது நிச்சயம். எனவே வரவில்லை. நான்கு ஆண்டுகள் சொந்த மண்ணை மிதிக்கவில்லை.

குடும்பம் கொடுத்த விலை பெரிது. 1915இல் மகன் ஹெர்பர்ட் காய்ச்சலுக்குப் பலியானார். மகள் ஆலிஸ் கைதாகி வியன்னாவில் சிறை வைக்கப்பட்டார். மனைவி ஷார்லட்டின் உடல்நிலை மோசமாகி, அதிலிருந்து அவர் முழுமையாக மீளவே இல்லை.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மசாரிக்குப் பேராசிரியர் வேலை கிடைத்தது. 1915 அக்டோபரில் அவர் அங்கே ஆற்றிய முதல் விரிவுரையின் தலைப்பு ஐரோப்பிய நெருக்கடியில் சிறிய நாடுகளின் பிரச்சினை பற்றியது. 1916இல் பாரிஸில் எட்வர்ட் பெனெஷ், மிலான் ஷ்டெஃபானிக் இருவரோடும் சேர்ந்து செக்கோஸ்லோவாக் தேசிய மன்றத்தை உருவாக்கினார். ஷ்டெஃபானிக் ஸ்லோவாக்கியர், விண்ணியல் ஆய்வாளர், பிரெஞ்சு விமானப்படையில் விமானி.

நாடும் இல்லை, நிலமும் இல்லை, வெறும் அலுவலகம். இதை வைத்துக்கொண்டு வல்லரசுகளிடம் எப்படிப் பேசுவது?

பதில் ரஷ்யாவில் இருந்தது. ஆஸ்திரியப் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு ரஷ்யாவிடம் பிடிபட்ட செக், ஸ்லோவாக் வீரர்கள் அங்கே ஏராளம். அவர்களைக் கொண்டு தனிப்படை உருவானது. 1917 மே மாதம் மசாரிக் அங்கேயே போனார். புரட்சியால் ரஷ்யா தடுமாறியபோது, சுமார் 40,000 பேர் கொண்ட அந்தப் படை, 1918இல் சைபீரிய ரயில் பாதையின் பெரும்பகுதியைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதைப் பற்றித்தான் எழுதின. நாடில்லாத மக்களுக்குப் படை மட்டும் இருந்தது!

பிட்ஸ்பர்க்கில் கொடுத்த வாக்கு

அதற்கு முன்பே, 1918 மார்ச்சில், மசாரிக் சைபீரியா வழியே ரயிலில் புறப்பட்டு, ஜப்பானைத் தொட்டு, கடல் கடந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்திருந்தார். மே மாதம் சிகாகோவில் அவரை வரவேற்கப் பெருங்கூட்டம் திரண்டது. அங்கே குடியேறிய செக், ஸ்லோவாக் குடும்பங்கள் ஏராளம்.

மே மாத இறுதியில் பிட்ஸ்பர்க் நகரில் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. இங்கேதான் விஷயமே இருக்கு.

செக் மக்கள் வியன்னாவின் கீழ் இருந்தவர்கள். ஸ்லோவாக்கியர்கள் ஹங்கேரியின் கீழ். அங்கே ஸ்லோவாக் மொழி உயர்நிலைப் பள்ளிகள் 1870களிலேயே மூடப்பட்டிருந்தன. இரு மக்களின் மொழிகளும் நெருங்கியவை. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியும். ஆனால் வரலாறு வேறு, வாழ்க்கை வேறு. சேர்ந்து ஒரே நாடாகலாம்; ஆனால் நம்மை செக் மக்கள் விழுங்கிவிடுவார்களோ? அமெரிக்காவில் இருந்த ஸ்லோவாக்கியர்களுக்கு அந்தக் கவலை இருந்தது. எனவே புதிய நாட்டில் ஸ்லோவாக்கியாவுக்குத் தனி நிர்வாகம், தனிச் சட்டமன்றம், தனி நீதிமன்றங்கள் இருக்கும் என்று பிட்ஸ்பர்க் உடன்பாடு சொன்னது. மசாரிக் அதில் கையெழுத்திட்டார்.

அடுத்து, அதிபர் உட்ரோ வில்சன். சுயநிர்ணய உரிமை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருபவர் அவர்தான். ஆனால் 1918 ஜனவரியில் அவர் வெளியிட்ட 14 அம்சங்களில், ஆஸ்திரியா-ஹங்கேரி மக்களுக்குத் தனிநாடு என்ற பேச்சே இல்லை. தன்னாட்சியோடு வளர வாய்ப்பு, அவ்வளவுதான். ஜூன் மாதம் மசாரிக் அவரைச் சந்தித்தார். சைபீரியப் படையின் செய்திகளும் சேர்ந்துகொண்டன. நட்பு நாடுகள் ஒவ்வொன்றாக மசாரிக்கின் மன்றத்தை அங்கீகரித்தன. அக்டோபரில் ஆஸ்திரியா சமாதானம் கேட்டு வந்தபோது, தன்னாட்சி மட்டும் இனிப் போதாது என்று வில்சன் பதில் அனுப்பினார்.

1918 அக்டோபர் 18ஆம் தேதி வாஷிங்டனில் செக்கோஸ்லோவாக்கியாவின் சுதந்திரப் பிரகடனம் வெளியானது. 28ஆம் தேதி பிராக் நகரில் சுதந்திரம் அறிவிக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவே, 26ஆம் தேதி, ஃபிலடெல்ஃபியாவில் மத்திய ஐரோப்பாவின் சிறிய மக்கள் பலருடைய பிரதிநிதிகள் கூடினார்கள். தலைமை தாங்கியவர் மசாரிக். தனித்தனி நாடுகளாவோம், ஆனால் சேர்ந்து செயல்படுவோம் என்பதுதான் நோக்கம். சிறிது காலத்திலேயே எல்லைத் தகராறுகள் அந்த ஒற்றுமையைக் குலைத்தன. பழைய கூரை போய்விட்டது. புதிய கூரை உருவாகவில்லை.

அதிபர் நாற்காலியில் அதே கேள்வி

1918 நவம்பர் 14ஆம் தேதி மசாரிக் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டிசம்பரில் பிராக் திரும்பினார். அதிபருடைய கொடியில் உண்மை வெல்லும் என்ற வாசகம் இடம்பெற்றது. போலிக் கவிதைகளோடும் போலி ஆவணங்களோடும் மோதிய மனிதருக்கு அதைவிடப் பொருத்தமான வாசகம் கிடைக்காது.

ஆனால் அந்தப் புதிய நாட்டின் மக்கள்தொகையைப் பாருங்கள். 1921இல் 13 மில்லியனுக்கும் மேல். அதில் செக் மக்கள் ஏறத்தாழ பாதி. ஜெர்மன் மொழி பேசியவர்கள் 3 மில்லியனுக்கும் மேல். ஸ்லோவாக்கியர்கள் சுமார் 2 மில்லியன். ஹங்கேரியர்கள் 700,000க்கும் அதிகம். கிழக்கு மூலையில் ருத்தேனியர்கள். அதாவது, இது இன்னொரு சிறிய ஆஸ்திரியா!

எல்லைப் பகுதிகளில் வாழ்ந்த ஜெர்மன் மக்கள் இந்த நாட்டில் இருக்க விரும்பவில்லை. ஆஸ்திரியாவோடு சேரப்போகிறோம் என்று 1918இலேயே அறிவித்தார்கள். அவர்கள் காட்டிய காரணமும் சுயநிர்ணய உரிமைதான். செக் படைகள் அந்தப் பகுதிகளுக்குள் நுழைந்தன. 1919 மார்ச் 4ஆம் தேதி பல ஊர்களில் ஜெர்மன் மக்கள் ஆர்ப்பாட்டம் செய்தபோது துப்பாக்கிச்சூடு நடந்தது. 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

மசாரிக் தரப்பின் வாதம் என்ன? பொஹீமியாவின் எல்லை பல நூற்றாண்டுகளாக இருப்பது. எல்லையோர மலைகள் இல்லாமல் நாட்டைப் பாதுகாக்க முடியாது. தொழிற்சாலைகளும் அங்கேதான். எல்லாம் சரி. ஆனால் ஸ்லோவாக்கியா விஷயத்தில் இதே தரப்பு நேர்மாறாக வாதிட்டது. அங்கே பழைய எல்லை ஹங்கேரிக்குச் சாதகம் என்பதால், எல்லை முக்கியமில்லை, மக்கள்தான் முக்கியம் என்றார்கள். மேற்கே ஓர் அளவுகோல், கிழக்கே இன்னோர் அளவுகோல்.

பெரும்பான்மை என்று காட்ட இன்னொரு வழியும் கையாளப்பட்டது. செக், ஸ்லோவாக் என்று தனித்தனியாக எண்ணாமல், செக்கோஸ்லோவாக் இனம் என்று ஒரே பெயரில் எண்ணினார்கள். அப்படிக் கணக்கிட்டால் ஜெர்மன் மக்கள் சிறுபான்மை. தனித்தனியாகக் கணக்கிட்டால் ஸ்லோவாக்கியர்களைவிட ஜெர்மன் மக்கள்தான் அதிகம். போலிப் பெருமை கூடாது என்று இளமையில் சண்டை போட்டவரின் நாடு, வசதிக்காக உருவாக்கிய ஓர் இனப்பெயரை நம்பி நின்றது.

பிட்ஸ்பர்க் வாக்குறுதி? அது அமெரிக்காவில் இருந்த அமைப்புகளுக்கு இடையிலான உடன்பாடு, நாட்டைக் கட்டுப்படுத்தாது என்றார் மசாரிக். ஸ்லோவாக் பாதிரியார் ஆண்ட்ரே ஹ்லிங்கா 1919இல் தன்னாட்சி கேட்டுப் பாரிஸ் அமைதி மாநாட்டுக்கே போனார். திரும்பியதும் சிறையில் அடைக்கப்பட்டார். ருத்தேனியர்களுக்கும் அதே ஆண்டில் ஒப்பந்தம் மூலம் தன்னாட்சி உறுதி செய்யப்பட்டது. அதுவும் கிடப்பில் கிடந்தது.

அப்படியென்றால் மசாரிக் ஏமாற்றுக்காரரா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அக்கம்பக்கத்து நாடுகள் ஒவ்வொன்றாகச் சர்வாதிகாரத்துக்குள் விழுந்தபோது, அவருடைய நாடு மட்டும் மக்களாட்சியைக் கைவிடவில்லை. 1920 அரசமைப்புச் சட்டம் பெண்களுக்குச் சமமான வாக்குரிமை தந்தது. ஜெர்மன் மக்களுக்குச் சொந்தப் பள்ளிகள், பல்கலைக்கழகம், கட்சிகள் எல்லாம் இருந்தன. ஒரு வட்டாரத்தில் 20 விழுக்காட்டினர் சிறுபான்மை மொழி பேசினால், அந்த மொழியிலேயே அரசாங்க அலுவலகங்களை நாடலாம். 1926 முதல் ஜெர்மன் அமைச்சர்கள் அரசாங்கத்தில் இடம்பெற்றார்கள். சில தலைமுறைகள் அமைதியாகக் கழிந்தால் எல்லாரும் இதைத் தங்கள் வீடாக நினைப்பார்கள் என்று மசாரிக் நம்பினார்.

அந்தக் காலம் அவருக்குக் கிடைக்கவில்லை.

மேசையில் இடமில்லாத நாடு

1930களின் பொருளியல் வீழ்ச்சி, ஜெர்மன் மக்கள் வாழ்ந்த தொழிற்சாலைப் பகுதிகளைத்தான் கடுமையாகத் தாக்கியது. பக்கத்து வீட்டில் ஹிட்லர். 1935 தேர்தலில் நாட்டிலேயே அதிக வாக்குகளைப் பெற்ற கட்சி, ஹிட்லருக்கு நெருக்கமாகிக்கொண்டிருந்த ஜெர்மன் கட்சி. அதே ஆண்டு டிசம்பரில், 85 வயதில், மசாரிக் பதவி விலகினார். 1937 செப்டம்பர் 14ஆம் தேதி காலமானார்.

ஓராண்டுதான் கழிந்தது. 1938 செப்டம்பரில் மியூனிக் நகரில் ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ் நான்கும் கூடி, செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதிகளை ஹிட்லரிடம் ஒப்படைத்தன. செக்கோஸ்லோவாக்கியாவுக்கு மேசையில் இடம் இல்லை. ஹிட்லர் முன்வைத்த வாதம் என்ன தெரியுமா? சுயநிர்ணய உரிமை! 1918இல் மசாரிக் எடுத்த அதே ஆயுதம், 20 ஆண்டுகளில் அவருடைய நாட்டின்மீதே திரும்பியது. ஹிட்லருக்கு அந்த உரிமையில் நம்பிக்கை கிடையாது என்பதற்கு அத்தாட்சி சீக்கிரமே வந்தது. 1939 மார்ச் 14ஆம் தேதி ஸ்லோவாக்கியா ஜெர்மனியின் நிழலில் தனிநாடானது. மறுநாள் ஜெர்மன் படை பிராக் நகருக்குள் புகுந்தது.

போருக்குப் பிறகு நாடு மீண்டும் உருவானது. இந்த முறை சுமார் 3 மில்லியன் ஜெர்மன் மக்கள் நாட்டைவிட்டு விரட்டப்பட்டார்கள். குழந்தைகள், முதியவர்கள் உட்பட. 1948இல் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது. இரண்டு வாரத்தில் மசாரிக்கின் இளைய மகன், வெளியுறவு அமைச்சர் யான் மசாரிக், அமைச்சுக் கட்டடத்தின் சன்னலுக்குக் கீழே இறந்து கிடந்தார்.

பிரிந்தார்கள், பிறகு சேர்ந்தார்கள்

1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி முடிவுக்கு வந்தது. உடனே பழைய கேள்வி மீண்டும் வந்து நின்றது. செக்கும் ஸ்லோவாக்கும் ஒரே மக்களா? 1993 ஜனவரி 1ஆம் தேதி நாடு இரண்டானது. ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. ஆனால் பொதுமக்களிடம் வாக்கெடுப்பும் நடத்தவில்லை. தலைவர்கள் பேசி முடித்துவிட்டார்கள்.

வாக்கெடுப்பு நடந்தது 2003இல், வேறொரு கேள்விக்கு: ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரலாமா? ஸ்லோவாக்கியாவில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் சரி என்றார்கள். செக் குடியரசில் 77 விழுக்காட்டினர். 2004 மே 1ஆம் தேதி ஒன்றியத்தில் சேர்ந்த 10 நாடுகளில் இவை இரண்டும் அடக்கம். ஹங்கேரி, போலந்து, ஸ்லோவேனியாவும் அதே நாளில் சேர்ந்தன.

2007 டிசம்பரில் செக்-ஸ்லோவாக் எல்லையில் கடப்பிதழ்ச் சோதனை நீக்கப்பட்டது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் காத்திருந்து பழகிய நமக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. தனித்தனி வீடு, ஒரே கூரை. பேரரசு தராததை, மசாரிக் 1918இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கி முடிக்க முடியாமல் போனதை, நாடுகள் தாங்களே விரும்பிச் சேர்ந்து ஓரளவு உருவாக்கியிருக்கின்றன.

அதில் சேர நிபந்தனைகளும் உண்டு. 1993இல் கோப்பன்ஹேகனில் வகுக்கப்பட்டவை அவை. மக்களாட்சி, சட்டத்தின் ஆட்சி, சந்தைப் பொருளியல்... கூடவே சிறுபான்மையினரின் உரிமைக்குப் பாதுகாப்பு. கடைசி நிபந்தனை எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்கே புரியும்.

கேள்வி இன்னும் முடியவில்லை

2008இல் கொசோவோ செர்பியாவிலிருந்து பிரிவதாக அறிவித்தது. ஒன்றியத்தின் 27 நாடுகளில் ஐந்து அதை அங்கீகரிக்கவில்லை. ஸ்பெயின், கிரீஸ், சைப்ரஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா. ஆமாம், தானே பிரிந்துபோய் உருவான ஸ்லோவாக்கியாவும்தான்! அதன் மண்ணில் ஹங்கேரியச் சிறுபான்மையினர் வாழ்கிறார்கள். செக் குடியரசோ கொசோவோவை அங்கீகரித்துவிட்டது. கொசோவோவுக்கு உள்ளேயே, வடக்கில் செர்பியர்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்குக் கொசோவோ ஆட்சி வேண்டாம்.

2022 ஜூனில் உக்ரேன் ஒன்றியத்தில் சேர்வதற்கான வேட்பாளர் நாடாக ஏற்கப்பட்டது. அதன் மேற்கு மூலையில் உள்ள கார்ப்பாத்திய மலைப்பகுதி, ஒரு காலத்தில் மசாரிக்கின் நாட்டில் இருந்த அதே ருத்தேனியப் பகுதி. அங்கே வாழும் ஹங்கேரியச் சிறுபான்மையினரின் மொழி உரிமை, உக்ரேன் ஒன்றியத்தில் சேர்வது பற்றிய பேச்சில் ஹங்கேரி எழுப்பிய சிக்கல்களில் ஒன்று. நூறாண்டுக்கு முன்பு தள்ளிவைத்த கணக்கு வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது.

மசாரிக் சிறிய மக்களுக்கும் உரிமை உண்டு என்று உலகை ஏற்கவைத்தவர். அந்த உரிமையைத் தம் நாட்டுக்குள் இருந்த மற்றவர்கள் கேட்டபோது அவரால் முழுமையான பதில் தர முடியவில்லை. இரண்டுமே உண்மை. தம் மக்களின் பெருமைக்காகக்கூட உண்மையை மறைக்கக் கூடாது என்று சொன்ன மனிதரைப் பற்றிப் பேசும்போது, ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை மறைப்பது நியாயமாக இருக்காது.

அடுத்த முறை எங்கேயாவது ஒரு மக்கள் தனிநாடு கேட்கிறார்கள் என்ற செய்தியைப் பார்த்தால், உடனே பக்கம் சாய்ந்துவிடாதீங்க. முதலில் அவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு, அந்தப் புதிய நாட்டில் சிறுபான்மையாகப் போகிறவர்கள் யார், அவர்களுக்கு என்ன வாக்குறுதி தரப்பட்டிருக்கிறது, அதை நிறைவேற்ற வைக்கப்போவது யார் என்றும் தேடிப் பாருங்கள். தலைப்புச் செய்தியில் அந்தப் பதில் பெரும்பாலும் இருக்காது. கொஞ்சம் உள்ளே போய்த்தான் படிக்கணும்.